பந்தயம் பார்க்க நின்றவர்

கோமதி நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்த தகரப்பெட்டியை இழுத்தாள். நான் கீழே நின்று வாங்கிக்கொண்டேன். பெட்டியில் கனம் இல்லை. ஒரு பட்டுச்சேலை, அவளுடைய பள்ளிச் சான்றிதழ், அடியில் எங்கள் கல்யாண ஆல்பம். கறுப்புக் காகித ஆல்பம். பக்கத்துக்குப் பக்கம் சிலந்திவலை அச்சிட்ட மெல்லிய தாள்.

என் மனைவியின் தகப்பனார் இறந்து அன்றைக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். எப்போதும்வென்றானுக்குப் பக்கத்துச் சிற்றூர் அவர்களுடையது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். அவர் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் கேமராவுக்கு முன்னால் நின்றிருக்கிறார், எங்கள் கல்யாணத்தில். அதைப் பெரிதாக்கிக் கொண்டுவருவதாகத் தன் தம்பி முருகேசனிடம் சொல்லிவிட்டு, கோமதி என்னோடு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

அந்தப் படத்தில் அவர் இப்போது இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும்.

பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே பருத்திச் செடி பிடுங்கிய காடுகள் போய்க்கொண்டே இருந்தன. குறுக்குச்சாலையில் பஸ் வெகுநேரம் நின்றது. அப்போதும் சொல்லவில்லை. கரையான் அரித்துவிட்டது என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஆனால் கரையான், வேட்டியின் மடிப்பு எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்து அரிக்காது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கீங்க" என்றாள் கோமதி.

தள்ளி நின்றேன்.

ரப்பர் அடைப்பான்கள்

தீப்பெட்டி ஆலையில் நான் கெமிஸ்டாக இருந்ததைப் பற்றி இந்தப் பத்திரிகைத் தொடரில் எழுதியிருக்கிறேன். சாயங்காலங்களில் என்ன செய்தேன் என்பதை எழுதவில்லை.

சென்னையில் படித்த காலத்தில், ஊருக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயத்துக்குப் போயிருந்தேன். கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப்பக்கம் வெயிலில் நின்றேன். தரையோடு படுத்தாற்போல ஒரு கார், சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு, என்னைக் கடந்து போனது. சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. வேலை கிடைத்து கோவில்பட்டிக்கு வந்தபிறகும் அது போகவில்லை. அதைப்பற்றிப் பேச அந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை. ஆலையில் பேச்செல்லாம் மழை வருமா, குச்சி காயுமா என்பதுதான்.

அதனால் கார் செய்யத் தொடங்கினேன். ஒரு சாண் நீளம்.

தீப்பெட்டி செய்யும் மெல்லிய மரச்சீவலை வெந்நீரில் ஊறப்போட்டு, பாட்டிலைச் சுற்றி நூலால் கட்டி வைத்தால், மறுநாள் வளைந்து நிற்கும். அதுதான் காரின் மூக்கு. ஒட்டுவதற்கு ஆலையின் மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்திருக்கும். பந்தயக் காரின் பின்சக்கரம் மிக அகலமானது. பொம்மைக்கடைச் சக்கரம் எதுவும் சரிவரவில்லை. சோதனைக்கூடத்தில் குடுவைக்கு மாட்டும் ரப்பர் அடைப்பான், நடுவில் துளையோடு, அதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. எக்ஸ்ரே பிலிமைச் சலவைச் சோடாவில் கழுவினால் முன்கண்ணாடி. பவுடர் டப்பாவின் தகரம் பின்னால் நிற்கும் இறக்கை.

கல்யாணமான புதிதில் கோமதி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

"இதுல எத்தன பேரு உக்காரலாம்?"

"ஒரு ஆள்தான்."

"அப்ப நான்?"

"நீ கயித்துக்கு அந்தப்பக்கம் நின்னு கைதட்டணும்."

"ஆமா, வேற சோலி இல்ல எனக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சில மாதங்கள் கழித்து அவள் நான் கார் செய்யும் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

மாமனார்

மாமனார் அதிகம் பேசமாட்டார். வந்தால் மஞ்சள் பையில் சீனியவரைக்காயோ உளுந்தோ இருக்கும். பையை மகளிடம் கொடுத்துவிட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்காருவார். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார்.

கண்ணில் புரை எடுக்க வந்தபோது மட்டும் எங்கள் வீட்டில் சில நாள் தங்கினார். கட்டு அவிழ்த்த மறுநாள், மேசையில் இருந்த சிவப்புக் காரைக் குனிந்து பார்த்தார்.

"இது எந்தூருக்குப் போவும் மாப்ள?"

"எந்த ஊருக்கும் போகாது மாமா. வட்டமா ஒரு ரோடு இருக்கும். அதுலயே சுத்திச் சுத்தி வரும்."

"பொறப்பட்ட எடத்துக்கே வந்துருமா?"

"ஆமா."

"அட, நம்ம செக்கு மாடு" என்றார். அடுப்படியில் கோமதி வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. அவரோடு நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மண்ணில் போட்ட ரோடு

காரைச் செய்தால் போதவில்லை. அதை நிஜக் கார்போலப் படம் பிடிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. பழைய இரட்டை லென்ஸ் கேமரா ஒன்று வைத்திருந்தேன். தரையோடு தரையாகப் படுத்து, காரின் உயரத்துக்கு லென்ஸைக் கொண்டுவந்தால் ஒரு சாண் காரும் பெரிய காராகிவிடும். ஆனால் அதன் கீழே இருக்கும் ரோடு காட்டிக்கொடுக்கும். நிஜத் தார்ரோட்டின் ஜல்லி, என் காருக்குப் பக்கத்தில் பாறாங்கல்லாகத் தெரியும்.

எங்கள் ஊர் மண் கைகொடுத்தது. கரிசலைக் காயவைத்து, இடித்து, மல் துணியில் சலித்து, தண்ணீர் தெளித்து, பாட்டிலால் உருட்டினால் பளபளவென்று தார் போட்டதுபோல் கிடக்கும். ஒரே ஒரு தொல்லை: வெயிலில் சீக்கிரமே வெடிப்பு விட்டுவிடும். வெடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும்.

ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய் கோடையில் காய்ந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் அங்கே போவேன். ஆடு மேய்க்கிறவர்கள் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். கிட்டே வரமாட்டார்கள். வெயிலில் குப்புறப் படுத்துக் கிடக்கும் மனிதனிடம் யார் வருவார்கள்?

படங்களைக் கழுவிப் பார்த்தால் கார் நிஜமாகத்தான் இருந்தது. ஆனால் ஆளில்லாத ரோட்டில் ஒரு கார் நின்றது. பந்தயம் என்றால் கூட்டம் வேண்டும். என் காரைப் பார்க்க எனக்கு ஆள் வேண்டியிருந்தது.

களிமண்ணில் ஆள் செய்தேன். பொம்மை பொம்மையாகவே தெரிந்தது. பத்திரிகைப் படங்களை வெட்டினேன்; கிட்டத்தில் அச்சுப்புள்ளிகள் தெரிந்தன. நிஜ போட்டோவாக இருக்க வேண்டும். தலைமுதல் கால்வரை முழு ஆளாக, நடுவிரல் உயரத்தில் இருக்க வேண்டும்.

அந்த உயரத்தில் ஆட்கள் எங்கள் கல்யாணக் குரூப் போட்டோவில் இருந்தார்கள்.

நாற்காலியில் இருந்தவர்களும் நெருக்கி நின்றவர்களும் உதவமாட்டார்கள். ஒருவரை ஒருவர் மறைத்தார்கள். இரண்டு ஓரத்திலும் தள்ளி நின்ற மூன்று பேர்தான் முழுசாகக் கிடைத்தார்கள். இடது ஓரத்தில் தூரத்து உறவினர்கள் இரண்டு பேர். வலது ஓரத்தில் மாமனார். போட்டோக்காரர் "பெரியவரே, உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று எத்தனை கூப்பிட்டும், பெண்ணைப் பெற்றவர், ஒரு ஆள் இடம் விட்டே நின்றார். துண்டை அக்குளில் இடுக்கியிருந்தார். அப்படி ஒதுங்கி நின்றதால்தான் என் பிளேடுக்கு வசதியாக அகப்பட்டார்.

ஸ்டுடியோவில் நெகட்டிவ் இருக்கும், இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோமதி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வெட்டினேன். நன்றாகத்தான் வெட்டினேன்.

காற்று

மூவரையும் அட்டையில் ஒட்டி, பின்னால் குண்டூசி வைத்து, ரோட்டோரம் நட்டேன். முன்னால் நூலில் ஒரு கயிறு. மாமனாரைப் பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் நிறுத்தினேன். லென்ஸ் வழியாகப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு நாட்டுப்புறத்துப் பெரியவர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கார்ப் பந்தயம் பார்க்கிறார்.

நாலைந்து படம் எடுத்திருப்பேன். லென்ஸின் கூர்மையெல்லாம் காரின்மேலேயே வைத்தேன். அப்புறம் மேல்காற்று கிளம்பியது. அந்தப் பருவத்துக் காற்று எங்கள் பக்கத்தில் ஆளையே தள்ளும். நான் காரைத் தாவிப் பிடித்தேன். மூன்று அட்டைகளும் பறந்தன. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கண்மாய்க் கரை முழுக்க உடைமுள். தேடிப் பார்த்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தேடவில்லை. காருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றிருந்தது.

மாமனார் அப்போது உயிரோடு, திடமாக, உழுதுகொண்டிருந்தார். புதுப் பிரதி வாங்க ஸ்டுடியோவுக்குப் போகவேண்டும் என்று அவ்வப்போது நினைவு வரும். போகவில்லை. அடுத்த கோடையில் அவர் காட்டிலேயே நெஞ்சு வலித்து விழுந்தார்.

"அய்யா எங்க?"

கோமதி சிலந்திவலைத் தாளைத் தூக்கினாள்.

வலது ஓரத்தில், அவள் அப்பா நின்ற இடத்தில், ஆல்பத்தின் கறுப்புத் தாள் தெரிந்தது. ஒரு மனிதனின் வடிவத்தில். அக்குளில் துண்டு இருந்த புடைப்புகூட அப்படியே இருந்தது. அவள் அதன்மேல் விரலை வைத்தாள்.

"அய்யா எங்க?" என்றாள்.

எதுவோ அடியில் கிடக்கிறதுபோலப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அய்யா எங்கங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அந்தக் கார் படத்துல அய்யா இருக்காவளா?"

"இருக்கார். ஆனா..."

"தெளிவா இருக்காவளா?"

"ஸ்டுடியோல நெகட்டிவ் இருக்கும்" என்றேன்.

முதலில் ஸ்டுடியோவுக்கு ஓடினோம். அங்கே கடைக்கார அண்ணாச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கல்யாண நெகட்டிவ்வா? பழசெல்லாம் வெள்ளி எடுக்கவன்ட்ட போட்டாச்சே சார். போன வருசந்தான் மூடை மூடையா அள்ளிட்டுப் போனான்" என்றார். பிலிமை எரித்து அதிலுள்ள வெள்ளியைப் பிரிப்பார்கள். அந்த ரசாயனம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து, பட்டப்பகலில் குளியலறை ஜன்னலைப் போர்வையால் மூடி, சிவப்பு விளக்கைப் போட்டேன். எங்கள் ஊர் வெயிலில் டெவலப்பர் சூடேறிப் படம் மங்கும் என்பதால் சோடாக்கடையில் ஐஸ் வாங்கி வந்து தட்டுக்கு அடியில் போட்டேன். கோமதி கேளாமலே உள்ளே வந்து நின்றாள். அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

நெகட்டிவில் அவர் எள்ளளவு இருந்தார். படம் பெரிதாக்கும் கருவியின் தலையைத் திருப்பி, சுவரில் ஒட்டிய தாளில் விழும்படி வைத்தேன். தட்டுக்குள் தாள் மெல்ல நிறம் மாறியது. முதலில் வந்தது சக்கரம். கறுப்பாக, வட்டமாக, ரப்பரின் வரிகூடத் தெரிந்தது. அதற்குப் பின்னால்தான் அவர் வந்தார். புகைக்குள் நிற்பதுபோல. வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலை. கண்ணும் மூக்கும் நிழல்.

"ஸ்டுடியோல குடுத்தா பென்சில்ல கண்ணு வரைஞ்சு தருவாங்க" என்றேன்.

"வரைஞ்ச கண்ணு வேண்டாம்."

"இந்தச் சக்கரத்தை வெட்டி..."

"இன்னும் வெட்டணுமா?" என்றாள்.

அவர் பாதி உடம்பைச் சக்கரமும் இறக்கையும் மறைத்திருந்தன. அப்படியே சட்டம் போட்டோம்.

பதினாறாம் நாள்

படத்தை முக்காலியில் வைத்து மாலை போட்டார்கள். ஊர்ச்சனம் வந்து குனிந்து பார்த்தது. கோமதியின் பெரியத்தை, இறந்தவரின் அக்காள், கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டே போனாள்.

"ஏட்டி, அதென்ன கறுப்பா உருண்டையா? ஆட்டுக்கல்லா?"

யாரோ சிரித்தார்கள். முருகேசன் என்னைப் பார்த்தான். சொல்லிவிட வாயெடுத்தேன். கோமதி முந்திக்கொண்டாள்.

"காரு அத்தை. கல்யாணப் படத்தக் கரையான் அரிச்சிட்டுது. இது மெட்ராஸ்ல கார் பந்தயம். கண்ணுக்கு வந்திருந்தாவள்ல, அப்ப இவிய அய்யாவக் கூட்டிட்டுப் போனாவ. அங்கன எடுத்தது. கூட்டம்லா, அதான் தெளிவா விழல."

"மெட்ராசுக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவன்!"

"அய்யா எதத்தான் சொன்னாவ?" என்றாள் கோமதி.

அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அவர் எதையும் சொல்லாத மனுஷன்தான். மறுபடி வந்து வந்து படத்தைப் பார்த்தார்கள். இப்போது வேறுமாதிரிப் பார்த்தார்கள். தூத்துக்குடி தாண்டாத மனிதர், மெட்ராஸில், காருக்குப் பக்கத்தில்.

முருகேசன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது.

"நாங்க ஒண்ணுமே செய்யல அத்தான் அவியளுக்கு. காடு காடுன்னே போயிட்டாவ. நீங்களாவது மெட்ராஸ காட்டுனீங்களே" என்று அழுதான்.

நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். வெட்டியதைக்கூட நான் மன்னித்துக்கொள்வேன். தட்டிக் கொடுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கோமதியிடம் கேட்டேன்:

"முருகேசன்ட்ட மட்டும் உண்மையைச் சொல்லிரட்டுமா?"

"சொன்னா உங்க மனசு லேசாவும். அய்யாவுக்கு மெட்ராஸ் இல்லாமப் போவும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் உசுரோட இருக்குற மட்டும் சும்மா கெடங்க."

பிறகு

அதன்பின் நான் கார் செய்யவில்லை. கோமதி என்னோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தினாள். சமைத்தாள், காய்ச்சலில் பார்த்துக்கொண்டாள், ஊர்க்கதை சொன்னாள். அவள் அப்பாவைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பேச்சுக்கு அவள் வேறு ஆட்களை வைத்துக்கொண்டாள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனால் பேச்சு மாறும்.

முருகேசன் புது வீடு கட்டியபோது அந்தப் படத்தை முன்னறையில் மாட்டினான். வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்வான். கதை வளர்ந்தது. கார் சத்தத்தில் அய்யா காதைப் பொத்திக்கொண்டார். கடற்கரையில் கால் நனைத்தார். ஓட்டலில் இலை கேட்டார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "என்னத்தான்?" என்று என்னைப் பார்ப்பான். நான் தலையாட்டுவேன்.

போன வருஷம் கோமதி போய்விட்டாள். அவளுடைய பதினாறாம் நாளில் முருகேசன் மறுபடி என் கையைப் பிடித்தான். அவன் மீசை நரைத்துவிட்டது.

"அக்காவும் போயிட்டா. அய்யாவ அங்கன பாத்த ஆளு இனிமே நீங்க ஒருத்தர்தான் அத்தான். பத்திரிகைல எழுதுதீங்கள்லா, அத எழுதிருங்க. எம் பேரப்பிள்ளைய படிக்கட்டும்."

இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து, இதழ் கடைக்கு வந்ததும் வாங்கிவிடுகிறான். படித்துவிட்டு எனக்குப் போன் செய்வான். இப்போது எனக்குப் போன் செய்கிறவன் அவன் ஒருவன்தான்.

"இந்த வாரமும் அய்யா வரலியே அத்தான்?"

இந்த வாரம் வந்துவிட்டார், முருகேசா. ஆனால் மெட்ராஸுக்கு அவர் போகவே இல்லை. நான் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போயிருக்கலாம், ரயில் இருந்தது, எனக்கு லீவும் இருந்தது. கேட்டிருந்தால் வந்திருப்பார் என்றுகூட நினைக்கிறேன்.

இந்த இதழ் கடைக்கு வருகிற அன்றைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் நான் உன் ஊருக்கு வருகிறேன். நீ இதைப் படிக்கும்போது எதிரில் நான் இருக்க வேண்டும். உள்ளே கூப்பிடத் தோன்றாவிட்டால் கூப்பிடாதே. வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறேன்.